காலடித்தடம் யாருடையது?

குடும்பங்கள் தங்கள் கரிம உமிழ்வைக் குறைப்பது எப்படி, குறைக்க முடியாததை ஈடுசெய்வது எப்படி என்று விளக்கும் ஆங்கிலச் சிற்றேடு ஒன்று அண்மையில் தமிழாக்கத்திற்காக என் மேசைக்கு வந்தது. பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள். ஆளில்லா அறையில் விளக்கை அணையுங்கள். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியின் எஞ்சினை நிறுத்துங்கள். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுகிற உமிழ்வுக்கு ஒரு தொகையைச் செலுத்துங்கள், எங்கோ ஓரிடத்தில் உங்கள் பெயரில் மரம் நடப்படும். சிற்றேட்டின் சாரம் இவ்வளவுதான். இவற்றில் எதுவும் தவறான அறிவுரை அல்ல. ஆனால் முழுவதையும் படித்து முடித்தபோது, புவி வெப்பமாவதற்குக் காரணம் நாட்டின் அடுக்களைகளும் குளியலறைகளுமே என்ற எண்ணம்தான் மிஞ்சியது. நிலக்கரிச் சுரங்கம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

மொழிபெயர்ப்பின்போது இரண்டு சொற்கள் என்னை நிறுத்தின. ஒன்று, ‘கார்பன் ஃபுட்பிரின்ட்’. கரிமக் காலடித்தடம் என்று எழுதிவிடலாம். ஆனால் காலடித்தடம் யாருக்கு விழும்? மண்ணில் நடப்பவருக்கே விழும். தனி விமானத்தில் பறப்பவருக்குத் தரையில் தடம் ஏது? மற்றொன்று, ‘ஆஃப்செட்’. அதற்கு ‘ஈடு’ என்பதே பொருத்தமான தமிழ். இழப்புக்குப் பதிலாகத் தருவது ஈடு. கடனுக்காக அடகு வைக்கும் பொருளும் ஈடுதான். இந்த வணிகத்தில் இரண்டு பொருளும் ஒருசேர நடக்கின்றன: ஈடு செய்பவர் ஒருவர், ஈடாக வைக்கப்படுவதோ வேறொருவருடைய காடு. ஆங்கிலச் சொல் மறைக்க முயன்றதைத் தமிழ்ச் சொல் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

சொல் பிறந்த இடம்

தனிமனிதரின் காலடித்தடம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது சுற்றுச்சூழல் இயக்கம் அல்ல. சூழலியல் தடம் என்ற கருத்தாக்கத்தை 1990களில் வில்லியம் ரீஸ், மதீஸ் வாக்கர்னாகெல் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அதைக் கரிமத்தோடு பிணைத்து, ‘உன் தடம் எவ்வளவு?’ என்று தெருவில் போகிறவரைப் பார்த்துக் கேட்கும் விளம்பரமாக மாற்றியது, உலகின் மாபெரும் எண்ணெய்க் குழுமங்களுள் ஒன்றான பிரிட்டிஷ் பெட்ரோலியம். ஒரு குடும்பம் தன் உமிழ்வைத் தானே கணக்கிட்டுப் பார்க்கும் கருவியை 2004இல் அந்நிறுவனம் வெளியிட்டது. ஆறே ஆண்டுகளில், 2010 ஏப்ரலில், மெக்சிகோ வளைகுடாவில் அது குத்தகைக்கு எடுத்திருந்த ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துளைமேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். பல வாரங்களுக்குக் கடலில் எண்ணெய் கொட்டியது. எண்ணெய் எடுப்பவர் கணக்குப் பிள்ளையாகவும் எண்ணெய் வாங்குபவர் குற்றவாளியாகவும் மாறிய கதை இதுதான்.

இந்தக் கதைக்கு இந்தியப் பதிப்பும் உண்டு. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கைமுறை’ என்ற முழக்கத்தை முன்வைத்தார். 2022 அக்டோபர் 20 அன்று குஜராத்தின் கேவடியாவில், ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குத்தேரஸ் முன்னிலையில், அது ‘லைஃப்’ இயக்கமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. குடிமக்கள் செய்ய வேண்டிய 75 செயல்களின் பட்டியலும் வெளியானது.

குடிமக்களுக்கு 75 கடமைகள். ஆளும் வர்க்கத்திற்கு? இதே பிரதமர்தான் 2020 ஜூனில், பெருந்தொற்றின் நடுவே, 41 நிலக்கரிப் படுகைகளைத் தனியாரின் வணிகச் சுரங்கத் தொழிலுக்கு ஏலம் விடும் நடவடிக்கையைத் தொடங்கி வைத்தார். இதே அரசுதான் 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, நாட்டின் எல்லைகளிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு முக்கியத்துவம் கொண்ட திட்டங்களுக்கு அனுமதி பெறுவதிலிருந்து விலக்களித்தது. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில் நிலக்கரிக்காக மரங்கள் வீழ்த்தப்பட்டபோது, தங்கள் கிராம சபைகளின் எதிர்ப்பைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவந்த ஆதிவாசிகள் காவல்துறையைத்தான் சந்திக்க நேர்ந்தது. மரத்தைக் காக்க நின்றவர்களின் அச்செயல் 75 செயல்களின் பட்டியலில் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம்

கணக்கைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு அறை வாடகை வீட்டில் வாழும் நால்வர் கொண்ட தொழிலாளர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதம் 100 யூனிட் மின்சாரம், ஆண்டுக்கு 8 சமையல் எரிவாயு சிலிண்டர், ஒரு மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 10 லிட்டர் பெட்ரோல் என வைத்துக்கொள்வோம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக, மின்சாரத்தால் ஆண்டுக்கு 840 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை எரித்தால் ஏறத்தாழ 42 கிலோ. எட்டுக்கும் சேர்த்து 340 கிலோ அளவில் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ; ஆண்டுக்கு 276 கிலோ. மொத்தம் ஒன்றரை டன்னுக்குள் அடங்கிவிடும். தலைக்கு 400 கிலோவும் இல்லை.

இப்போது மறுபக்கம். தில்லியிலிருந்து லண்டனுக்கு விமானத்தின் சாதாரண வகுப்பில் ஒருவர் ஒருமுறை போய் வந்தால் ஏறத்தாழ ஒரு டன். சொகுசு வகுப்பில் இருக்கை அகலும் அளவுக்கு உமிழ்வும் இரண்டு, மூன்று மடங்காகும். ஒரு படுக்கையறைக் குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்குப் பத்து யூனிட் வீதம் ஐந்து மாதம் ஓடினால் 1,500 யூனிட். அதுவும் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அந்தத் தொழிலாளர் குடும்பம் 10 வாட் எல்.இ.டி. விளக்கொன்றை நாள்தோறும் இரண்டு மணி நேரம் கூடுதலாக அணைத்து வைத்தால் ஆண்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 5 கிலோ. ஒருவரின் ஒற்றை லண்டன் பயணத்தைச் சரிக்கட்ட 200 குடும்பங்கள் ஓராண்டு முழுவதும் இருட்டில் இருக்க வேண்டும்.

நம் நாட்டுக் குடும்பங்களில் கார் வைத்திருப்பவை நூற்றுக்கு எட்டு அளவே என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. உலக அளவிலும் இதே காட்சிதான். 1990 முதல் 2015 வரையிலான உமிழ்வில் 52 விழுக்காட்டுக்கு மக்கள்தொகையின் மேல்தட்டு 10 விழுக்காட்டினரே பொறுப்பு. அடித்தட்டில் உள்ள சரிபாதி மக்களின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே என்று ஆக்ஸ்ஃபாம் 2020இல் கணக்கிட்டது. இந்தியரின் தலைவீத உமிழ்வு ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. ஏகாதிபத்திய நாடுகளின் வரலாற்றுப் பொறுப்பைச் சுட்டிக்காட்ட இந்த எண்ணை நாம் பயன்படுத்துகிறோம், பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் அந்தச் சராசரிக்குள் மும்பை அல்டாமவுன்ட் சாலையில் ஒரே குடும்பத்துக்கென எழுந்து நிற்கும் 27 மாடி மாளிகையும் இருக்கிறது. ஜார்க்கண்டில் சைக்கிளில் நிலக்கரி மூட்டை கட்டித் தள்ளிச் செல்பவரின் குடிசையும் இருக்கிறது. உலக அரங்கில் ஏழைகளின் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இந்தியப் பெருமுதலாளிகள், உள்நாட்டில் அதே ஏழைகளுக்குச் சிக்கனப் பாடம் நடத்துகிறார்கள். இந்த இரட்டை வேடத்தை நாம் அம்பலப்படுத்தியாக வேண்டும்.

ஈடு என்னும் வணிகம்

முதலாளி வர்க்கம் குடியிருப்புப் பிரச்சினையை எப்படித் ‘தீர்க்கிறது’ என்பதை எங்கெல்ஸ் 1872இல் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். சேரிகள் ஒழிக்கப்படுவதில்லை, ஓரிடத்திலிருந்து அகற்றப்பட்டு வேறோரிடத்தில் மீண்டும் முளைக்கின்றன. பிரச்சினையைத் தீர்ப்பதற்கு மாறாக இடம்பெயர்ப்பதே அவர்களின் வழிமுறை. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, கரிம ஈடு என்பது அதே வழிமுறையின் உலகளாவிய வடிவமாக வந்து நிற்கிறது. புகை இங்கே தொடரும். அதற்கான மரம் வேறெங்கோ வளரும், அல்லது வளர்வதாகக் காகிதத்தில் எழுதப்படும்.

காகிதத்தில் எழுதப்படுவதே மிகுதி என்பதற்குச் சான்றுகள் உள்ளன. உலகின் முன்னணிச் சான்றளிப்பு நிறுவனமான ‘வெர்ரா’ ஏற்பளித்த மழைக்காட்டுப் பாதுகாப்புக் கரிம வரவுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை உண்மையான உமிழ்வுக் குறைப்பைக் குறிப்பவை அல்ல என்று, 2023 ஜனவரியில் ‘கார்டியன்’, ‘டீ ஸைட்’ ஆகிய ஏடுகள் இணைந்து நடத்திய புலனாய்வு கூறியது. அந்நிறுவனம் இதை மறுத்தது. ஆனால் அதே ஆண்டிலேயே அதன் தலைமை நிர்வாகி பதவியை விட்டு விலகினார்.

அடுக்களைக் கதை இன்னும் கொடியது. ஏழை நாடுகளின் வீடுகளில் விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளைக் கொடுத்து, அதனால் குறைந்ததாகச் சொல்லப்படும் புகையைக் கரிம வரவாக்கிச் செல்வந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு விற்பது ஒரு பெருந்தொழில். இந்தியாவும் அதன் களம். இத்தகைய திட்டங்கள் உண்மைக் குறைப்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் வரவு வைத்துக்கொள்கின்றன என்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் நிறுவினார்கள். சுள்ளி பொறுக்கும் பெண்ணின் அடுப்பில் மிச்சமான ஒரு பிடி விறகு ஒன்பது பிடியாகப் பெருகி, எங்கோ ஒரு நிறுவனம் தன்னைக் ‘கரிமச் சமநிலை’ அடைந்ததாக அறிவித்துக்கொள்ள உதவுகிறது. அப்பெண்ணின் உழைப்பிலிருந்து மட்டுமல்ல, அவளுடைய இல்லாமையிலிருந்தும் மூலதனம் உபரியைப் பிழிந்தெடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஒன்றிய அரசு இந்தச் சந்தையை நம் நாட்டிலும் திறந்துவிட்டுள்ளது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தியது. 2023 ஜூனில் கரிம வரவு வணிகத் திட்டத்தையும், அக்டோபரில் பசுமை வரவு விதிகளையும் அறிவித்தது. 2024 பிப்ரவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, ‘சீரழிந்த’ வனநிலத்தில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரங்கள் நட வேண்டும் என்றிருந்தது; ஒரு மரத்துக்கு ஒரு வரவு. காட்டை அழிக்கும் நிறுவனம் தான் செய்ய வேண்டிய ஈட்டுக் காடு வளர்ப்புக்கு இந்த வரவைக் கணக்குக் காட்டலாம். சீரழிந்த நிலம் என்று அதிகாரி எழுதுவது பெரும்பாலும் ஆடு மாடு மேயும் புறம்போக்கு. புல்லும் புதரும் நிறைந்த பொதுநிலம். அதை நம்பி வாழும் ஆயர்களுக்கும் ஆதிவாசிகளுக்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அளித்த உரிமை, வேலிக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

கிரேட் நிகோபார் தீவே இதன் உச்சம். சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுக்காக அங்கே 130 சதுர கிலோமீட்டர் வெப்பமண்டல மழைக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் வீழ்த்தப்படக்கூடும் என்பது நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு. ஷோம்பென் மக்களின் வாழ்விடம் அது. முதலில் தந்த ஒப்புதலைப் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இவ்வளவுக்கும் ஈடு எங்கே? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஹரியானாவில்! தோல்முதுகு ஆமை கரையேறும் கலத்தியா கடற்கரைக்கு ஆரவல்லி அடிவாரத்தில் ஈடு. இதைக் கணக்கு என்று ஏற்கும் மனம், தாயை இழந்த பிள்ளைக்கு வேறூரில் ஒரு செவிலியை அமர்த்திவிட்டோம் என்று ரசீது நீட்டவும் தயங்காது.

சுமை யார் தோளில்?

குடும்பங்களை மாற்றுவதாகச் சொல்லும் அரசின் திட்டங்கள் வர்க்கத்துக்கு வர்க்கம் எப்படி வேறுபட்டு விழுகின்றன என்பதையும் காண வேண்டும்.

பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். சூரிய மின்சாரத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் மானியம் போக மிச்சத் தொகையைப் போட வசதியும், தனக்கென ஒரு கூரையும் உள்ளவருக்கே அது எட்டும். வாடகைக் குடித்தனக்காரருக்குக் கூரை ஏது? தகரக் கொட்டகையில் ஆறு பேர் தங்கும் புலம்பெயர் தொழிலாளிக்கு?

2023 ஜூனில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் விதிகள், வேளாண்மை தவிர மற்ற நுகர்வோருக்கு நேரத்துக்கேற்ற கட்டணத்தை வகுத்தன. பகலில் வெயில் நேரத்தில் கட்டணம் குறையும். மாலை உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடும். பகலெல்லாம் ஆலையிலும் கட்டுமானத்திலும் உழைத்துவிட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்பி விளக்கேற்றி உலை வைக்கும் குடும்பம் எந்த நேரத்தை ‘மாற்றிக்கொள்வது’? பகலில் வேலையாட்களைக் கொண்டு துணியலசும் வீட்டுக்குச் சலுகை. இரவில் குழந்தை படிக்க விளக்குப் போடும் வீட்டுக்கு அபராதம்.

2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வாலா திட்டம் பத்துக் கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளைக் கொடுத்தது. இணைப்பு கிடைத்தது, எரிவாயு வாங்கப் பணம்? 2023 மார்ச்சில் தில்லியில் ஒரு சிலிண்டர் 1,103 ரூபாய். உஜ்வாலா குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு சிலிண்டர் அளவே வாங்குகின்றன. மீதி நாட்களில் மீண்டும் விறகு, வறட்டி, புகை, இருமல். நூறு சிற்றேடுகள் செய்ய முடியாததை விலைக்குறைப்பு ஒன்றே செய்துவிடும்.

வெப்பத்தின் விளைவைச் சுமப்பவரும் இவர்களே. 2024 ஜூன் 1, மக்களவைத் தேர்தலின் இறுதிக்கட்ட வாக்குப்பதிவு நாள். உத்தரப்பிரதேசத்தில் மட்டும் குறைந்தது 33 தேர்தல் பணியாளர்கள் வெப்பத்தால் மாண்டதாக மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தெரிவித்தார். ஊர்க்காவல் படையினரும் துப்புரவுப் பணியாளர்களும் அவர்களில் இருந்தனர். அவர்களின் காலடித்தடத்தை எந்தக் கருவி அளந்தது?

அப்படியானால் வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டாமா?

தோழர்கள் சிலர் இப்படிக் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பருவநிலை மாற்றமே முதலாளித்துவத்தின் விளைவு, புரட்சிக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று கைகட்டி நிற்பதும் ஒருவகைச் சோம்பலே. குடும்பங்களின் உமிழ்வு குறைய வேண்டும்; குறைக்கவும் முடியும். எந்த வழியில் என்பதே கேள்வி.

எல்.இ.டி. விளக்கை எடுத்துக்கொள்வோம். நாடெங்கும் வீடுகளில் குண்டு பல்பு மறைந்தது ஏன்? மக்கள் சிற்றேடு படித்து மனம் மாறியதால் அன்று. நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய ஓர் அமைப்பு மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக வீழ்ந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. இந்த அரசு தன் சாதனையாகப் பறைசாற்றுவதே பொதுத்துறையின் சாதனைதான். தனிமனித அறநெறி பல ஆண்டுகள் போதித்தும் நடக்காததைப் பொதுக் கொள்முதல் இரண்டே ஆண்டில் நடத்திக் காட்டியது.

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் மீனங்காடி ஊராட்சி, கரிமச் சமநிலை ஊராட்சியாவது என்று 2016இல் தீர்மானித்தது. ஊராட்சியே தன் உமிழ்வைக் கணக்கெடுத்தது. மரம் வளர்க்கும் உழவருக்கு மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் கூட்டுறவு வங்கி வழியே வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினால் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். மரமும் உழவருடையது, நிலமும் உழவருடையது, முடிவும் ஊரினுடையது. தொலைதூர நிறுவனம் ஒன்றின் புகைக்காக அல்லாமல், காப்பி பயிரிடும் தங்கள் மண்ணின் வெப்பம் தணிவதற்காக மரம் வளர்க்கிறார்கள். ஈடு வணிகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பேருந்தும் அப்படியே. தில்லியில் 2019 முதலும், தமிழ்நாட்டில் 2021 முதலும், கர்நாடகத்தில் 2023 முதலும் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். பெண்ணுக்கு விடுதலை, குடும்பத்துக்குச் சேமிப்பு, காற்றுக்குத் தூய்மை என மூன்றும் ஒரே பயணச்சீட்டில் கிடைக்கின்றன. 2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை ‘ரேவ்டி’ என்று எள்ளி நகையாடிய மேடை எது தெரியுமா? புந்தேல்கண்ட் விரைவுச் சாலையின் திறப்பு விழா. கார்களுக்கு 296 கிலோமீட்டர் சாலை அமைத்தால் அது வளர்ச்சி. மக்களுக்குக் கொடுத்தால் அது மிட்டாய்.

நம் பணி

கோரிக்கைகள் தெளிவானவை. ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதற்கும் கட்டுப்படியாகும் விலையில் எரிவாயு. சிறு நகரங்களுக்கும் புறநகர்களுக்கும் போதிய அரசுப் பேருந்துகள். வாடகைக் குடியிருப்பும் குடிசைப் பகுதியும் பயன்பெறும்படி, மின்வாரியங்களே பொதுக் கூரைகளில் நிறுவும் சூரியத் தகடுகள். மாலை நேரக் கூடுதல் கட்டணத்தை வீடுகளுக்கு விலக்குதல். வெயிலில் உழைப்பவருக்கு ஊதியத்துடன் ஓய்வு. தனி விமானங்களுக்கும் பெருஞ்செல்வத்துக்கும் வரி. 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016இல் 400 ரூபாயான நிலக்கரி மீதான தூய ஆற்றல் வரி, 2017இல் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. மின்கட்டணத்தின் வழியே மக்கள்மீது ஏறிய அந்தச் சுமைக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். காடு தொடர்பான எந்த ஈட்டுத் திட்டமும் கிராம சபையின் ஒப்புதலின்றி நடைபெறக் கூடாது.

சுயவிமர்சனமும் தேவை. நம் மாநாடுகளின் பிளாஸ்டிக் பதாகைகளைத் துணிக்கு மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எளிய வாழ்க்கை கம்யூனிஸ்டுகளுக்குப் புதிதல்ல; துவைத்த இரண்டு வேட்டியோடும் துணிப்பையோடும் ஊர் ஊராகப் பேருந்தில் சென்று இயக்கம் கட்டிய மூத்த தோழர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் தங்கள் எளிமையை எவருக்கும் ஈடாக விற்கவில்லை. எளிமையே போதும், போராட்டம் வேண்டாம் என்று எவருக்கும் போதிக்கவும் இல்லை.

மின்கட்டண உயர்வை எதிர்த்து வீடு வீடாகச் செல்லும்போது, பருவநிலை பற்றியும் பேசுவோம். அந்தப் பெண் கேட்பாள்: ‘நாங்கள் என்ன தம்பி அவ்வளவு புகையா விட்டுவிட்டோம்?’ அவளுக்கு எண்களோடு பதில் சொல்லும் அளவுக்கு நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிற்றேட்டை நான் மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். ‘ஆஃப்செட்’ வந்த இடமெல்லாம் ‘ஈடு’ என்றே எழுதியிருக்கிறேன். யாருடைய காடு, யாருடைய அடுப்பு அடகில் இருக்கிறது என்பதை மக்களிடம் எடுத்துச் சொல்வதும், அதை மீட்பதும் நம் வேலை.